நீர்க்காகம் தின்றது எந்த மீன்? படம் பிடித்துக் கணக்குப் பார்ப்போம்

பண்ணைக்குட்டையில் மீன் விட்ட உழவர்கள் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேராவது ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "விட்டது ஆயிரம் குஞ்சு. பிடிச்சது முந்நூறு. மிச்சத்தை எல்லாம் நீர்க்காக்கா தின்னுட்டுப் போயிடுச்சு." குட்டையில் முங்கி எழுந்து, கரையில் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும் அந்தக் கறுப்புப் பறவை எல்லோர் கண்ணிலும் படும். தண்ணீருக்குள் இருந்துகொண்டே குஞ்சை விழுங்கும் விராலும் கெளுத்தியும் யார் கண்ணிலும் படாது. அதனால் பழி முழுக்கப் பறவை மேல் விழுகிறது.

பறவை மீன் தின்னவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மீன்தான் அதன் சோறு. ஆனால் எந்த மீனை, எந்த மாதத்தில், எவ்வளவு தின்றது என்று தெரியாமல் நாம் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகவே முடிகிறது. சிலர் மரத்தை வெட்டுகிறார்கள். சிலர் வெடி போடுகிறார்கள். விஷம் வைப்பவர்களும் உண்டு. இது நம் ஊர்ச் சண்டை மட்டுமல்ல. ஐரோப்பாவில் 1979-ல் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பெரிய நீர்க்காகம் பெருகியது. மீன் பண்ணையாளர்களுக்கும் பறவை ஆர்வலர்களுக்கும் இடையே அங்கே இன்றும் வாக்குவாதம் ஓயவில்லை.

சில ஆண்டுகளாகக் கண்மாய்க் கரையிலும் குட்டைக் கரையிலும் கேமராவோடு உட்கார்ந்து நீர்க்காகங்களைப் படம் எடுத்து வருகிறேன். அழகுக்காக எடுக்கத் தொடங்கியதுதான். போகப் போக அதுவே கணக்கு எழுதும் கருவியாகிவிட்டது. அந்த முறையைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில், வந்தது யார்?

நீர்க்காகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் நம்மிடம் மூன்று வகை உண்டு.

சின்ன நீர்க்காகம்: அரை மீட்டர் நீளம். அலகு குட்டை. உடல் எடை ஏறக்குறைய அரை கிலோவுக்குள்தான் இருக்கும். குட்டை, வாய்க்கால், வயல் ஓரம் எல்லாவற்றிலும் அதிகம் வருவது இதுதான்.

கொண்டை நீர்க்காகம்: அதைவிடக் கொஞ்சம் பெரிது. அலகு நீண்டு மெலிந்து, நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். கண் பச்சையும் நீலமும் கலந்து மின்னும். கண்மாய்களில் கூட்டமாகச் சேர்ந்து மீனை வளைத்துப் பிடிக்கும்.

பெரிய நீர்க்காகம்: வாத்தைவிடப் பெரிது. கன்னத்தில் வெள்ளை, தொண்டையில் மஞ்சள். பெரிய நீர்த்தேக்கங்களில் பார்க்கலாம். சின்னக் குட்டைக்கு வருவது அபூர்வம்.

இவற்றோடு பாம்புத்தாராவையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். கழுத்து மட்டும் பாம்புபோல் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் அது பாம்புத்தாரா. அதன் அலகு ஊசி மாதிரி நேராக இருக்கும், மீனைக் குத்தி எடுக்கும். நீர்க்காகம் கொக்கி அலகால் கவ்விப் பிடிக்கும்.

இதெல்லாம் ஏன் முக்கியம்? பெரிய நீர்க்காகம் ஒரு நாளைக்குச் சுமார் 400 முதல் 600 கிராம் மீன் தின்னும். இணையத்தில் அந்தக் கணக்கைப் படித்துவிட்டு, குட்டையில் நிற்கும் சின்ன நீர்க்காகத்துக்கும் தினம் அரை கிலோ என்று பெருக்கிப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சின்னப் பறவையின் மொத்த எடையே அவ்வளவுதான். தன் எடைக்குச் சமமாகத் தினமும் அது எப்படித் தின்னும்? பறவை எது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

எந்த மாதத்தில் தொல்லை?

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிரம்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாம் மீன் குஞ்சு விடுகிறோம். அதே மழையை நம்பித்தான் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரித்து இரை தேடி அலையும் மார்கழியும் தையும், நம் மீன் குஞ்சு விரல் அளவில் இருக்கும் காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இது முதல் நெருக்கடி.

இரண்டாவது நெருக்கடி பங்குனி, சித்திரையில் வரும். கண்மாய் வற்றியதும் தண்ணீர் மிச்சமிருக்கும் பண்ணைக்குட்டைகளுக்குப் பறவைகள் நகரும். அப்போது நம் மீன் வளர்ந்திருக்கும். சின்ன நீர்க்காகத்தால் அதை விழுங்க முடியாது. ஆக, சின்ன நீர்க்காகம் வரும் குட்டையில் உண்மையான ஆபத்து ஆண்டு முழுவதும் இல்லை. குஞ்சு விட்ட முதல் சில வாரங்களில்தான் இருக்கிறது.

கேமராவும் உட்காரும் இடமும்

கைப்பேசியில் எடுத்தால் பறவை கறுப்புப் புள்ளியாகத்தான் விழும். 300 மி.மீ. லென்ஸ் இருந்தால் போதும். பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை. லென்ஸ் மாற்றத் தேவையில்லாத, நீள ஜூம் உள்ள கேமராவும் இந்த வேலைக்குச் சரியாக வரும். இரண்டும் இல்லாதவர்கள் கைப்பேசியைக் குச்சியில் கட்டி வைத்து வீடியோ எடுக்கலாம். மீன் வகை தெரியாது, ஆனால் எத்தனை பறவை எத்தனை முறை முங்கியது என்று எண்ணலாம்.

விடிவதற்கு முன்பே போய் உட்காருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். ஓலைத் தட்டியோ பழைய சேலையோ மறைப்பாகக் கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு அருகில் தாழ உட்காருங்கள். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் பறவை உங்களை மறந்துவிடும்.

நீர்க்காகம் மீனைப் பிடித்ததும் பெரும்பாலும் மேலே கொண்டு வரும். ஒன்றிரண்டு முறை தூக்கிப் போட்டு, தலை முன்னால் வரும்படி திருப்பி விழுங்கும். துடுப்பு முள் தொண்டையில் குத்தக்கூடாது என்பதற்காகத்தான் இந்த வித்தை. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அதனால் ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். தொடர்ந்து பல படம் விழும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கறுத்த பறவை, பளபளக்கும் தண்ணீர். கேமரா தண்ணீரின் வெளிச்சத்தைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கிவிடும். வெளிச்ச அளவை +1 என்று ஏற்றிப் பாருங்கள். மீன் வெளுத்துப்போய்ச் செதிலே தெரியாவிட்டால் கொஞ்சம் இறக்குங்கள். நமக்குப் பறவையின் அழகைவிட மீனின் துடுப்பும் வாயும் தெரிவதுதான் முக்கியம். கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைக்க மறக்காதீர்கள். ஒவ்வொரு படத்திலும் பதியும் நேரமே நம் கணக்குக்குச் சாட்சி.

ஒரு கட்டுப்பாடு. கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுக்காதீர்கள். தாய் எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும், காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகும். நமக்கு வேண்டிய படம் தண்ணீரில்தான் இருக்கிறது.

அலகுதான் அளவுகோல்

படத்தில் இருக்கும் மீனின் நீளத்தை எப்படி அறிவது? ஆராய்ச்சியாளர்கள் கையாளும் எளிய வழி ஒன்று இருக்கிறது. பறவையின் அலகையே அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் அது. சின்ன நீர்க்காகத்தின் அலகு சுமார் 3 செ.மீ. மீன் அலகைப்போல மூன்று மடங்கு நீளம் இருந்தால் 9 செ.மீ. என்று எழுதிக்கொள்ளலாம். பறவை பக்கவாட்டில் திரும்பி, மீனைக் குறுக்காகக் கவ்வியிருக்கும் படத்தை மட்டும் அளக்க வேண்டும். நம்மை நோக்கி நிற்கும் படத்தில் அளவு தப்பும்.

மீன் வகையை அறிய இந்த அடையாளங்கள் உதவும். சிலேபிக்கு முதுகு நெடுக முள்ளோடு கூடிய துடுப்பு, உடம்பில் பட்டைகள். கட்லாவுக்குப் பெரிய தலை, மேல்நோக்கிய வாய். ரோகுவுக்கு வாய் கீழ்நோக்கி, உதடு தடித்திருக்கும். மிர்கால் மெலிந்து நீண்டு வெள்ளி நிறமாக இருக்கும். கெளுத்திக்கு மீசை. விராலுக்குப் பாம்புத் தலை. சந்தேகமாக இருந்தால் ஊரில் வலை போடும் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். வாலை மட்டும் பார்த்தே சொல்லிவிடுவார்.

நோட்டில் எழுதும் கணக்கு

நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள்: தேதி, நேரம், பறவை வகை, பறவை எண்ணிக்கை, மீன் வகை, மீன் நீளம். குஞ்சு விட்ட முதல் மாதத்தில் வாரம் மூன்று நாள், காலை இரண்டு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும்.

கணக்குப் போடும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 25 சென்ட் குட்டையில் ஆயிரம் குஞ்சு விட்டிருக்கிறீர்கள். ஒரு காலையில் 40 மீன் படத்தில் விழுகிறது. அதில் 31 சிலேபி, 9 ரோகு. மாலையிலும் அதே அளவு போகிறது என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 18 ரோகு. பத்து நாளில் 180. ஆயிரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இது லேசான இழப்பு இல்லை, தடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதே பத்து நாளில் 620 சிலேபியும் குட்டையை விட்டு வெளியேறியிருக்கிறது. சிலேபி குட்டையிலேயே குஞ்சு பொரித்துப் பெருகி, நாம் வளர்க்கும் மீனின் தீனியைத் தின்கிறது. அதை அரிப்பது பறவை செய்யும் கூலியில்லாத வேலை. வரவையும் செலவையும் இரண்டு பக்கமும் எழுதினால்தான் அது கணக்கு.

படத்தில் விழாதது

சின்ன மீன்களைத் தண்ணீருக்குள்ளேயே விழுங்கிவிட்டு வெறும் அலகோடு மேலே வருவதும் உண்டு. ஆகவே படக்கணக்கு குறைந்தபட்சக் கணக்குதான். சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது. நீர்க்காகம் செரிக்காத முள், செதில், மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல் ஆகியவற்றைச் சளிபோன்ற உறையில் உருண்டையாகக் கக்கிவிடும். பறவை தங்கும் மரத்தடியில் காலையில் தேடினால் கிடைக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, குச்சியால் கிளறிப் பாருங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சிலேபியின் தடித்த துடுப்பு முள்ளும் கெளுத்தியின் ரம்பம் போன்ற முள்ளும் பார்த்தவுடன் தெரியும்.

பறவையே வராத குட்டையிலும் மீன் குறைந்தால் வேறு காரணம் தேடவேண்டும். குட்டையைக் கோடையில் வெடிக்கக் காயப்போடாமல் தண்ணீர் விட்டால் சேற்றில் ஒளிந்திருக்கும் விராலும் குறவையும் குஞ்சை முடித்துவிடும். குஞ்சு கொண்டுவந்த பையின் தண்ணீரையும் குட்டைத் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்காமல் கொட்டினாலும் பாதி செத்துப்போகும். அது எதுவும் நீர்க்காகத்தின் கணக்கில் சேராது.

படம் ஒரு சண்டையை நிறுத்தியது

எங்கள் ஊர்க் கண்மாயை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்தவர் எனக்குச் சித்தப்பா முறை. கடன் வாங்கித்தான் ஏலம் எடுத்திருந்தார். மார்கழியில் ஒரு நாள் கரையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா தம்பி, காக்காவையும் குருவியையும் படம் பிடிக்கிறியே, என் மீனைத் திங்கிறதையும் சேத்துப் பிடி. அடுத்த வாரம் உள்ளே இருக்கிற கருவேலத்தை எல்லாம் வெட்டப் போறேன். கூடு இல்லேன்னா எங்கே உக்காரும்?"

மரம் முழுக்கக் கூடு. கூட்டில் குஞ்சு. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"பத்து நாள் பொறுங்க சித்தப்பா. எதைத் தின்னுதுன்னு காட்டுறேன். அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன்.

பத்து நாள் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நான் எதுவும் சொல்லவில்லை. மீன் பெயரை அவரே சொல்லிக்கொண்டு வந்தார். "சிலேபி. இதுவும் சிலேபி. கெண்டைப்பொடி. கெளுத்தி. சிலேபி." பிறகு ஒரு படத்தில் நிறுத்தினார். "இது நம்ம ரோகு." ஆமாம் என்றேன். குஞ்சு விட்ட இடமான மடைப் பக்கத்தில் எடுத்த படங்களில் மட்டும் ரோகு திரும்பத் திரும்ப வந்தது. அதை நான் ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் மற்றப் படங்களையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ மரத்தை வெட்டி என்ன பண்றது? குஞ்சு விடுற இடத்தைத்தான் பாக்கணும்" என்றார். மரம் தப்பியது. அடுத்த ஆண்டு மடையோரம் வலைக்கூண்டு கட்டி, குஞ்சு ஒரு சாண் நீளம் வந்தபிறகே கண்மாயில் திறந்துவிட்டார். இழப்பு அறவே நின்றுவிட்டது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு கருவேலத்தை வெட்டும் பேச்சு எழவில்லை.

மீனைக் காக்கும் வழிகள்

1. பெரிய குஞ்சாக விடுங்கள். முதல் ஒன்றிரண்டு மாதம் வலைக்கூண்டிலோ, மேலே வலை மூடிய சின்னத் தொட்டிக்குட்டையிலோ வளர்த்து, 12 முதல் 15 செ.மீ. வந்தபின் திறந்துவிடுங்கள். செலவுக்கு ஏற்ற பலன் தருவது இதுதான்.

2. ஒளிய இடம் கொடுங்கள். மூங்கில் கிளை, பனை மட்டை, முள் கிளைகளைக் கட்டாகக் கட்டிக் குட்டையின் ஆழமான பக்கத்தில் போடுங்கள். பறவை உள்ளே நுழைய முடியாது. கிளைகளில் படியும் பாசியை ரோகு மேயும், தீனிச் செலவும் குறையும். அறுவடையின்போது வலை மாட்டாமல் இருக்க, கட்டுகளைக் கயிற்றால் கரையோடு இணைத்து வையுங்கள்.

3. ஆழம் வேண்டும். இரண்டடித் தண்ணீரில் மீனுக்குத் தப்ப வழியில்லை. ஒரு பகுதியாவது ஐந்தாறு அடி இருக்கட்டும்.

4. சின்னக் குட்டைக்கு மேலே கயிறு கட்டலாம். நீர்க்காகம் எழும்பும்போது தண்ணீர் மேல் ஓடித்தான் பறக்கும். குறுக்கே கயிறு இருந்தால் இறங்கத் தயங்கும். கண்ணுக்குத் தெரியும் தடித்த கயிறாக இருக்கட்டும். நரம்பு நூல் கட்டினால் சிக்கிச் சாகும். கயிறு மட்டுமே முழுப் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இருக்கட்டும். தீனி போடும் வேலையை அந்த நேரத்துக்கு மாற்றுங்கள். பொம்மை, பளபளக்கும் தாள் எல்லாம் சில நாளில் பழகிப்போகும். இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

விஷம், துப்பாக்கி, கண்ணி இவற்றை நினைக்கவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நீர்க்காகம் பாதுகாக்கப்பட்ட பறவை. கொல்வதும் பிடிப்பதும் முட்டை எடுப்பதும் குற்றம். அதோடு, குட்டையில் வைத்த விஷம் நம் மாடு குடிக்கும் தண்ணீரில்தான் கலக்கும்.

தின்றதைத் திருப்பித் தருவது

இயற்கை உழவர் ஒரு வரவை விட்டுவிடக் கூடாது. அது எச்சம். வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகளில் நீர்க்காகமும் ஒன்று. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கிறது என்று கண்ட மக்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று அன்றைய ஆங்கிலேய ஆட்சியரிடம் கேட்டு உரிமை வாங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் கோடையில் எச்சம் படிந்த வண்டலை அள்ளி வயலுக்கு இடுகிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

இதில் உலகத்துக்கே பாடம் சொன்ன நாடு பெரு. தென் அமெரிக்காவில் இருக்கிறது. மழையே பெய்யாத அதன் கடல் தீவுகளில் குவானாய் என்ற நீர்க்காகமும் மற்றக் கடல் பறவைகளும் போட்ட எச்சம் மலைபோல் குவிந்து கிடந்தது. குவானோ என்ற பெயரில் 1840-களிலிருந்து ஐரோப்பிய வயல்களுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. சில பத்தாண்டுகளில் மலை கரைந்துவிட்டது. விழித்துக்கொண்ட அரசு 1909-ல் குவானோவை நிர்வகிக்கத் தனி நிறுவனம் அமைத்து, பறவைகளுக்குக் காவல் போட்டது. பறவைகள் மறுபடியும் பெருகின.

பிறகு 1950-களில் மீன் தூள் ஆலைகள் வந்தன. நீர்க்காகம் தின்னும் அதே நெத்திலி மீனை அள்ளி, கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக அரைத்தார்கள். 1970-ல் மட்டும் 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1972-ல் எல் நினோவால் கடல் சூடானபோது மீன் வளம் சரிந்தது. பறவைகளும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. காலங்காலமாகப் பறவை தின்றும் தீராத மீன், இருபது ஆண்டு ஆலை அரைப்பில் தீர்ந்தது. மீனும் போய், எருவும் போனது.

நம் குட்டைக் கரையில் பறவை அமரும் மரத்தடியில் வைக்கோலோ இலைச் சருகோ பரப்பி வையுங்கள். எச்சம் அதில் விழும். மாதம் ஒருமுறை அள்ளிச் சாணத்தோடு சேர்த்து மக்கவிடுங்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த எரு அது. பச்சையாக நேரே செடிக்கு இட்டால் வேர் கருகும்.

வரும் ஐப்பசியில் குஞ்சு விடுவதற்கு முன்பே ஒரு நோட்டு வாங்கி ஆறு கட்டம் போட்டு வைத்துவிடுங்கள். கேமரா இல்லாதவர்கள் ஊரில் படித்த பிள்ளைகள் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு குட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரே பருவத்தில் எழுதினால், எந்தக் குட்டையில் ஏன் இழப்பு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணக்கு கைக்கு வந்தபின் வலைக்கூண்டு வேண்டுமா, கயிறு வேண்டுமா, ஒன்றுமே வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். மரத்தை வெட்டும் அரிவாளை அதுவரை பரண் மேலேயே வைத்திருங்கள்.